தெருவைப் பார்த்த சமையலறை

நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டும்போது ஒரு மெரூன் நிற சோபா தெருவைக் கடந்துகொண்டிருந்தது.

சோபாவின் முன்பக்கத்தைச் செல்வராஜ் சார் பிடித்திருந்தார். பின்பக்கம் தண்ணீர் கேன் போடும் தனசேகர். சோபாவின் சொந்தக்காரரான எதிர்வீட்டு மாலதி அக்கா, கை கொடுக்காமல் வாயை மட்டும் கொடுத்தபடி கூடவே நடந்து வந்தார்.

"பார்த்து சார், கேட்ல இடிச்சிடாதீங்க. தேக்கு அது."

"தேக்கா? இன்னாக்கா, இவ்ளோ லேசா கீது!" என்றான் தனசேகர்.

அஸ்தினாபுரத்தில் அது ஒரு சனிக்கிழமைக் காலை. முந்தின நாள் மழையில் தெரு கழுவிவிட்டதுபோல் இருந்தது. காம்பவுண்டுச் சுவரோரம் செம்பருத்திகளிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. மேகம் விலகி நல்ல வெயில் வரப்போகிற வானம். வீட்டு உட்புறங்களைப் படம் எடுத்துப் பிழைப்பவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ட்ரைபாடைத் தோளில் மாட்டிக்கொண்டு உற்சாகமாக இறங்கினேன். யாரோ வீடு மாறுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சோபா, நான் படம் எடுக்க வந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்தது.

இட்லி இருக்கு, உள்ள வாங்க

அந்த வீட்டை நான் கண்டுபிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீடு ராஜகீழ்ப்பாக்கம். குரோம்பேட்டைக்குப் போக வேண்டுமென்றால் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து அஸ்தினாபுரத்துக் குறுக்குத் தெருக்களில் புகுந்து போவேன். அப்படிப் போகும்போதெல்லாம் ஒரு வீட்டின் முகப்பு கண்ணில் படும். வாசலை ஒட்டி, சுவரின் நீளத்துக்கும் ஒரே ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அடுப்பு. அடுப்புக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் தெருவைப் பார்த்தபடி தோசை வார்த்துக்கொண்டிருப்பார்.

டிபன் கடை என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் பசி தாங்காமல் வண்டியை நிறுத்தி, "ரெண்டு இட்லி பார்சல் கிடைக்குமாக்கா?" என்று கேட்டும்விட்டேன்.

"கடை இல்லம்மா, வீடு," என்றார் அந்த அம்மாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "இட்லி இருக்கு. உள்ள வாங்க."

அவர்தான் கிரேஸ் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். செல்வராஜ் சார் அவருடைய கணவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மகன் வெளிநாட்டில்.

உள்ளே போன நான் இட்லியை மறந்துவிட்டேன். வாசல்படி ஏறினால் நேராகச் சமையலறை. அதுதான் அந்த வீட்டின் முதல் அறை, பெரிய அறையும் அதுவே. ஜன்னலின் கீழே நீளத்துக்கும் கறுப்புக் கடப்பாக்கல் மேடை. எதிர்ச்சுவரில் திறந்த அலமாரித் தட்டுகளில் எவர்சில்வர் பாத்திரங்கள். மஞ்சள் ஆக்சைடு பூசிய தரை நடந்து நடந்தே மெருகேறியிருந்தது. நடுவில் ஒரு நீள மேசை. காய் நறுக்க, சாப்பிட, அந்தக் காலத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்த, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கிழக்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து பாத்திரங்களில் பட்டு, அங்கிருந்து மஞ்சள் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கூடவே கறிவேப்பிலை தாளித்த வாசனை.

சமையலறையைத் தாண்டி இரண்டு படி இறங்கினால் ஹால். அது பின்பக்கம், சப்போட்டா மரத்தைப் பார்த்தபடி, குளுகுளுவென்று இருக்கும். தெருவின் ஹாரன் சத்தம் அங்கே எட்டாது. தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் மட்டும்தான் எப்போதாவது கேட்கும்.

"யாரு டீச்சர் ஆர்க்கிடெக்ட்?" என்று கேட்டேன்.

"ஆர்க்கிடெக்ட்டா? நான்தான் வரைஞ்சேன். மேஸ்திரிக்குத்தான் மனசே வரல. பேப்பர் திருத்தற மாதிரி அவரைத் திருத்திக்கிட்டே இருந்தேன்."

"எப்படித் தோணுச்சு?"

டீச்சர் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "இருக்கறதுலயே வெளிச்சமான இடத்தை, எப்பவாவது வர்ற விருந்தாளிக்குக் குடுத்துடறோம். தினம் நிக்கறவ பின்னாடி இருட்டுல நிக்கறா. எனக்குக் கணக்கு உதைச்சுது. மாத்திட்டேன்."

என் வீட்டுச் சமையலறையில் தும்ம வேண்டுமென்றால்கூட ஹாலுக்குத்தான் வரவேண்டும். அன்றைக்கு அந்த வீட்டின் மேல் எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

உப்பு எங்கே?

இந்தத் தொழிலில் நான் பார்க்காத ஹால் இல்லை. முதலில் கல்யாணப் படங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துச் சத்தமும், "இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று எல்லாரையும் கெஞ்சுவதும் சலித்துப்போன ஒரு சமயம், ஒரு பில்டர் மாடல் வீட்டைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். போனேன். நாற்காலி கண்ணை மூடாது, மேசை முகத்தைத் திருப்பாது என்று தெரிந்ததும் அங்கேயே தங்கிவிட்டேன்.

சாமான்களோடு பிரச்சினை இல்லை. சாமான்களின் சொந்தக்காரர்களோடுதான்.

படம் எடுக்க வருகிறார்கள் என்றால் நம் ஜனங்கள் முதலில் செய்வது ஒளிப்பது. தினசரி காலண்டர் போய்விடும். கொசு பேட், தண்ணீர் கேன், கால்வலித் தைலம், மருந்து டப்பா எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒரு வீட்டில் மாமனாரையே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் உட்காரும் நாற்காலியோடு.

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில், சிறுசேரியில் வேலை பார்க்கிற தம்பதியின் வெள்ளை வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள், இளசுகளைக் கிண்டல் செய்கிறேன் என்று. இல்லவே இல்லை. அந்தப் பெண் நல்ல பெண். செல்போனில் பார்த்துப் பார்த்து ஆசையாக அமைத்த வீடு. சுவர் வெள்ளை, சோபா வெள்ளை, பூஜை அலமாரியும் வெள்ளை. சமையலறை மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக்.

"ஏம்மா, உப்பு எங்க வெச்சிருக்கே?" என்று கேட்டேன். அந்தப் பெண் நாலு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இருங்க மேடம், சமையல் அக்காவுக்குப் போன் பண்றேன்," என்றாள். நாங்கள் இருவருமே சிரித்துவிட்டோம்.

அப்படிப்பட்ட வீடுகளாக எடுத்து எடுத்து எனக்கே அலுத்திருந்தது. வீட்டு அலங்காரத்துக்கென்றே வரும் ஒரு மாதப் பத்திரிகைக்கு அப்போது படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதன் ஆசிரியர் இளம்பெண். "யாரும் பார்க்காத மாதிரி ஒரு வீடு நீங்களே சொல்லுங்க மேடம்," என்றாள். யோசிக்காமல் கிரேஸ் டீச்சர் வீட்டைச் சொன்னேன். சமையலறைப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் போடுவது என்று முடிவாயிற்று. வீட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. சொதப்பினால் அடுத்த தடவை கேட்க மாட்டாள்.

படம் எடுப்பதற்கு முந்தைய வாரம் போய் நாள் குறித்துக்கொண்டேன். டீச்சர் சரி என்றார். செல்வராஜ் சார் மட்டும், "சமையல்கட்டையா மேடம்?" என்று இழுத்தார்.

"அப்படியே இருக்கட்டும் சார். எதுவும் செய்யாதீங்க, எதையும் மாத்தாதீங்க," என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கேதான் என் கணக்கு உதைத்தது. நம் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போய் "ஒண்ணும் வேணாம், இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்" என்றால் என்ன அர்த்தம்? காபி போடுங்கள் என்று அர்த்தம். "சாப்பாடெல்லாம் வேண்டாம்" என்றால் இலை போட்டுவிடுவார்கள். வேண்டாம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது நம் ஊரில் மரியாதைக்குறைவு. நான் எதுவும் செய்யாதீர்கள் என்றேன். செல்வராஜ் சார் மரியாதை தெரிந்தவர். எல்லாவற்றையும் செய்துவிட்டார்.

என் அடுப்பு எங்க?

சோபாவின் பின்னாலேயே நானும் நுழைந்தேன்.

சமையலறையைக் காணோம்.

ஜன்னலை முழுக்க மூடி, தங்கக் குஞ்சம் வைத்த மெரூன் திரை. கடப்பாக்கல் மேடைமேல் வெல்வெட் விரிப்பு. அதன்மேல் யார் வீட்டிலிருந்தோ வந்த கண்ணாடி மயில், இன்னொரு வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ரோஜா, பக்கத்து வீட்டு மீன் தொட்டி. இடம் மாறியதில் மீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. அலமாரித் தட்டுகள் காலி. நீள மேசை இருந்த இடத்தில் டீப்பாய். அறை முழுக்க மல்லிகை ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். அதையும் மீறிப் புளி வாசனை வந்தது.

வெளிச்சமென்று ஒன்றும் இல்லை. ட்யூப்லைட்டைப் போட்டிருந்தார்கள்.

"எப்படி மேடம்?" என்றார் செல்வராஜ் சார். முகமெல்லாம் வியர்வை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தெருவே சேர்ந்து உதவி பண்ணிச்சு. இப்ப பார்த்தா ஹால் மாதிரியே இல்ல?"

மாலதி அக்கா அதற்குள் சோபாவில் உட்கார்ந்து, படத்தில் எப்படி வரும் என்று ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார். வாசலில் இன்னும் இரண்டு மூன்று தலைகள். ஒவ்வொருவரும் அவரவர் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நல்ல மனசுகளை வைத்துக்கொண்டு, இதெல்லாம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"டீச்சர் எங்க சார்?"

"சர்ச்சுக்கு. பெண்கள் ஐக்கிய சங்கம். அவ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான்..."

தனசேகர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலை எட்டிப் பார்த்தான். "சார், டீச்சரம்மா வந்துகினு கீறாங்கோ. இன்னிக்கு செம பேஜாரு," என்றான்.

டீச்சர் படியில் செருப்பைக் கழற்றினார். கையில் வேதாகமப் பை. நிலைப்படியில் நின்று, இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். திரை, மயில், மீன், மாலதி அக்கா. வகுப்பில் யார் பேசியது என்று பார்க்கிற பார்வை. மாலதி அக்கா தானாகவே எழுந்து நின்றுவிட்டார்.

"என் அடுப்பு எங்க?"

மீன் தொட்டி மோட்டார் மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"பின்பக்கம்," என்றார் செல்வராஜ் சார். "துணி துவைக்கிற கல்லுகிட்ட. சிலிண்டரும் பத்திரமா இருக்கு."

டீச்சர் தலையாட்டினார். "எல்லாருமா சேர்ந்து எனக்கு ஒரு ஹால் கட்டிக் குடுத்துட்டீங்க," என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இருங்க, எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவர்றேன்," என்று படியிறங்கிப் பின்னால் போய்விட்டார்.

மாலதி அக்கா என்னைப் பார்த்தார். நான் ட்ரைபாடைப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. இப்படியே எடுத்துக்கொண்டு போனால் அந்த ஆசிரியப் பெண்ணுக்கு இன்னொரு மெரூன் ஹால் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைவிட, இந்த அறையைத் தன் தலைக்குள்ளேயே கட்டிப் பார்த்து, மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று எழுப்பியவரின் கண்முன்னே அதை இல்லாமல் ஆக்கிப் படம் எடுப்பதா? என் கையால் அது முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செல்வராஜ் சாரை ஹாலுக்கு இறங்கும் படியருகே தனியாக அழைத்தேன்.

"சார், எனக்கு வேண்டியது டீச்சரோட கிச்சன்தான். அதுக்காகத்தான் வந்தேன். ஏன் சார் மறைச்சீங்க?"

அவர் சப்போட்டா மரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

பிரதிஷ்டை நாள்

வீடு கட்டி முடித்ததும், புதுமனை ஜெபமான வீட்டுப் பிரதிஷ்டைக்கு எல்லாரையும் அழைத்திருக்கிறார்கள். பாஸ்டர் வந்தார். சாரின் பெரியக்கா பாளையங்கோட்டையிலிருந்து பட்டாளத்தோடு வந்தார். கூட்டம் வாசல்படி ஏறியதும் எதிரே அடுப்பு. ஜெபத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கிய பாஸ்டரின் அங்கியில் மேடையிலிருந்த சாம்பார்க் கரண்டி பட்டுவிட்டது.

"ஏலே செல்வம், வீட்டு மூஞ்சியில அடுப்பை வச்சிருக்கியே, எதுக்கு? ஊரைக் கூட்டிப் பந்தி போடவா?" என்று பெரியக்கா சத்தமாகக் கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்னொருவர், "வாஸ்தெல்லாம் நமக்குக் கிடையாது, ஆனாலும் ஒரு இது இருக்குல்லா," என்றார். அதற்கும் சிரிப்பு.

"அப்ப அவ முகம் சுருங்கிச்சு மேடம்," என்றார் செல்வராஜ் சார். "அதை நான் பார்த்தேன். பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் சொல்லல. இத்தனை வருஷத்துல அது மறக்கல. இப்ப பத்திரிகைன்னா எத்தனை பேர் பார்ப்பாங்க? எல்லாரும் சிரிச்சா? இன்னொரு தடவை அவ முகம் அப்படி ஆகறதைப் பார்க்க என்னால முடியாது. அதான், நாலு பேர் வீடு மாதிரி இருந்துட்டுப் போகட்டுமேன்னு..."

சோபாவைச் சுமந்து வந்த மூச்சிரைப்பு என்று காட்டிக்கொள்ள இருமினார்.

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அத்தனையும் போய்விட்டது. வெட்கப்பட்டு மறைக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த மனுஷன் காவல் அல்லவா காத்திருக்கிறார்!

பின்கதவு திறந்துதான் இருந்தது. டீச்சர் தட்டில் டீ டம்ளர்களோடு அங்கேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"அன்னைக்கு என் முகம் சுருங்கினது உங்க அக்கா சிரிச்சதுக்கு இல்ல," என்றார் டீச்சர். தட்டைப் படியில் வைத்தார். "அவங்க சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு உங்களைப் பார்த்தேன். நீங்க தரையைப் பார்த்தீங்க."

செல்வராஜ் சார் அவர் பக்கம் திரும்பினார்.

"இந்த ரூம் உங்களுக்குப் பிடிக்கலன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

"எனக்கா?" என்றார் அவர். "எனக்கா பிடிக்கல?" விறுவிறுவென்று படியேறி முன்னறைக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

"தனசேகர், அந்தப் பக்கம் பிடிப்பா."

"சார், இப்பதான சார் வெச்சோம்!"

"பிடிப்பா."

வெயில் போன பிறகு

மெரூன் சோபா மறுபடி தெருவைக் கடந்தது. திரை இறங்கியது. மயிலும் ரோஜாவும் அவரவர் வீட்டுக்குப் போயின. மீன் தொட்டியை இரண்டு பேர் பல்லக்குபோல் தூக்கிப்போனார்கள். அடுப்பைச் செல்வராஜ் சாரே கொண்டுவந்து, அது இருந்த அடையாளம் பார்த்து வைத்தார். பாத்திரங்களை டீச்சர் அடுக்கினார். இவர் துடைத்துக் கொடுக்க, அவர் வாங்கி வைத்தார். அவ்வளவு நேரத்தில் இருவரும் பேசியது, "அது மேல் தட்டு", "இது கீழ" என்பது மட்டும்தான்.

மாலதி அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பின்னே? பாலிஷ் போட்டுத் துடைத்து அனுப்பிய சோபா திரும்பி வந்தால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? "அக்கா, உங்க வீட்டுல உங்க சோபாவுல உங்களை ஒரு படம் எடுக்கறேன்," என்றேன். "இப்பவா?" என்று கேட்டுக்கொண்டே புடவை மாற்றப் போய்விட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் படம் பிரமாதமாக வந்தது. இன்றைக்கும் அவர் வீட்டு ஹாலில், அதே சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

இத்தனையும் முடிந்து நான் ட்ரைபாடை விரித்தபோது வெயில் கூரைக்கு மேலே ஏறிவிட்டது. பாத்திரங்களில் பட்டுத் தரையில் விழுகிற அந்த மஞ்சள் வெளிச்சம் போயே போய்விட்டது. நான் ஒரு வாரமாக மனதில் எடுத்து வைத்திருந்த படமே அதுதான். வாய்விட்டுப் புலம்பினேன்.

"எது போச்சு?" என்றார் டீச்சர். "இந்த ரூம்ல வெளிச்சத்துக்கு என்ன குறை? நாளெல்லாம் நிக்கற எனக்குத் தெரியாதா? எடுங்க."

எடுத்தேன். வெயில் நேராக விழாத அந்த நேரத்தில் தெருவின் வெளிச்சம் மெதுவாக உள்ளே வந்து, அறை முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது. நிழல்கூட மிருதுவாக விழுந்தது. டீச்சர் எனக்காக நிற்கவில்லை, தன் பாட்டுக்கு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கடுகு வெடித்தது. ஜன்னலுக்கு வெளியே கேன் வண்டியோடு தனசேகர் நின்று, "டீச்சரம்மா, நானும் படத்துல வர்றனா?" என்று கேட்டான். வந்தான். பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது அந்தப் படம்தான்.

"வடிவமைப்பு யாருன்னு போடணும் மேடம்? ஆர்க்கிடெக்ட் பேர் சொல்லுங்க," என்று ஆசிரியப் பெண் கேட்டாள். கிரேஸ் செல்வராஜ், கணக்கு ஆசிரியை என்று சொன்னேன். அப்படியே போட்டாள்.

பெரியக்காவின் போன்

புத்தகம் வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் யாரோ படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார்கள். நான் நீள மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது செல்வராஜ் சாரின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"ஏலே செல்வம்!" பாளையங்கோட்டைப் பெரியக்கா. வயது எண்பதை நெருங்கினாலும் குரலுக்கு வயதாகவில்லை. "அடுப்பங்கரையைப் போயில்லா படம் புடிச்சுப் போட்டிருக்காவ! இம்புட்டுப் பெரிய வீட்டுல அவங்களுக்கு வேற இடமே கெடைக்கலையா?"

டீச்சர் ஜன்னல் பக்கம் நின்று அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றுவிட்டது.

செல்வராஜ் சார் போனைப் பார்த்தார். பிறகு டீச்சரின் முதுகைப் பார்த்தார். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"அக்கா," என்றார். "எங்க வீட்டுலயே நல்ல இடம் அதுதான். கிரேஸ் யோசிச்சுக் கட்டினது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரதிஷ்டை அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."



"அதுக்கு ஏம்லே இப்படிச் சத்தம் போடுத? பிடிச்சிருந்தா சரிதான்," என்றார் பெரியக்கா. குரல் இறங்கியிருந்தது. "படத்துல வெளிச்சமாத்தான் இருக்கு. என்னைக்கு நான் இருந்தேன் இப்படி வெளிச்சத்துல? சரி, கிரேஸ் இன்னைக்கு என்ன சமைக்கா?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

போனை மேசைமேல் வைத்துவிட்டு அவர் ஜன்னலருகே போனார். "என்ன சமையல்னு அக்கா கேட்கறாங்க."

"கீரை," என்றார் டீச்சர். "இன்னும் ஆயவே இல்லை."

செல்வராஜ் சார் சட்டைக் கையை மடித்துவிட்டார். அந்த ஜன்னலில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. தெருவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாலதி அக்கா கையில் ஈரத்துண்டோடு அப்படியே நின்றார்.

"என்ன சார், இன்னிக்கு நீங்களா?"

"ஆமாம்மா, நான்தான்," என்றார் அவர், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி.

டீச்சர் கீரைக்கட்டை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, அவர் நிற்க இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.